‘கை’ என்று எழுதிய கணக்கு: கொழும்பு ஆய்வுச் சங்கம் ஒன்றின் ஆட்சியும் நிதியும்

மாஸ்டரின் மகள் அந்த டின்னை என்னிடம் தந்தது 2022 ஜனவரியில். பழைய மலிபன் பிஸ்கட் டின், மூடியின் ஓரம் துருப்பிடித்திருந்தது. உள்ளே வருட வாரியாக ரப்பர் பாண்ட் போட்ட அச்சகப் பில்கள், வங்கியில் காசு கட்டிய துண்டுகள், முடிந்துபோன பற்றுச்சீட்டுப் புத்தகங்களின் அடிக்கட்டைகள். எல்லாவற்றுக்கும் அடியில் நீலத் துணி முதுகு வைத்த ஒரு சீ.ஆர். கொப்பி, கெட்டி அட்டை போட்ட கோடிட்ட கொப்பி.

“அப்பா இதைத் தனியாத்தான் வைச்சிருந்தவர் தம்பி. சங்கத்தின்ர சாமான் வீட்டுச் சாமானோட கலக்கக் கூடாது எண்டுவார்,” என்றார் அக்கா.

மாஸ்டர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். எங்கள் சங்கத்துக்கு 23 ஆண்டுகள் பொருளாளர். 2021இல் கொரோனா அவரைக் கொண்டுபோனது. அவருக்குப் பிறகு பதில் பொருளாளராக என்னைப் போட்டார்கள். அடுத்த மூன்று ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் சிறிய சங்கங்கள் கொழும்பில் இன்னும் பல உண்டு, அவற்றின் பொருளாளர்களுக்கு இது உதவக்கூடும். சங்கத்தின் பெயரை எழுதவில்லை. அது இன்றும் நன்றாக இயங்குகிறது, இங்கே வரும் யாரையும் குறைசொல்வதும் என் நோக்கமல்ல.

சங்கம் எப்படிப்பட்டது

கொழும்பில் கல்விசார் சங்கங்களுக்கு நீண்ட மரபு இருக்கிறது. ராயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளை 1845இல் தொடங்கியது. கொழும்புத் தமிழ்ச் சங்கம் 1942இலும் இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் 1944இலும் தோன்றின. எங்களுடையது அவற்றின் பக்கத்தில் வைத்துப் பேசக்கூடிய அளவு அல்ல. சொந்தக் கட்டடம் இல்லை, சம்பளத்துக்கு ஆள் இல்லை. வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒரு ஒழுங்கையில் மண்டபம் ஒன்றை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துக் கூடுவோம். ரயில் போகும்போது பேச்சாளர் நிறுத்தி, அது தாண்டியதும் தொடர்வார். ஆண்டுக்கு ஒரு தமிழ் ஆய்வுச் சஞ்சிகை, ஒரு நினைவுப் பேருரை, மாதம் ஒரு கருத்தரங்கு. இவ்வளவுதான் பணி. ஆனால் அந்தச் சஞ்சிகையில் வந்த கட்டுரைகளைப் பல்கலைக்கழக மாணவர்கள் இன்றும் தேடிவந்து பிரதி எடுக்கிறார்கள். வேறெங்கும் பதிவாகாத கோயிற் சாசனங்கள், ஊர்ப்பெயர்கள், தொழிற்சொற்கள் அதில் இருக்கின்றன. அதனால்தான் இதைக் காப்பாற்ற வேண்டும் என்று எங்களுக்கு அவ்வளவு பிடிவாதம்.

பதிவேட்டில் 412 அங்கத்தவர்கள். அவர்களில் 352 பேர் ஒரே தடவையில் 1,000 ரூபா கட்டிய ஆயுள் அங்கத்தவர்கள். மீதி 60 பேர் ஆண்டுச் சந்தா கட்ட வேண்டியவர்கள். வங்கியில் ஒரு நடைமுறைக் கணக்கு, ஒரு நிலையான வைப்பு. வைப்பில் 640,000 ரூபா. செயற்குழுவில் எவரைக் கேட்டாலும் “நம்மட்ட ஆறு லட்சத்துக்கு மேல இருக்கு” என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

வங்கிக் கவுண்டரில்

முதல் சிக்கல் கையொப்பம். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் காசோலையில் ஒப்பமிட வேண்டும் என்பது ஏற்பாடு. பொருளாளர் காலமாகிவிட்டார். செயலாளர் மகனோடு மெல்பேர்ண் போய்விட்டார். எஞ்சியவர் தலைவர் மட்டும். புதிய கையொப்பக்காரரைச் சேர்க்க வங்கி என்ன கேட்கும் என்பது சங்கம் நடத்திய எவருக்கும் தெரியும்: யாப்பின், அதாவது சங்கத்தின் விதிக்கோவையின், பிரதி, தெரிவு நடந்த கூட்டத்தின் அறிக்கை, தீர்மானத்தின் பிரதி, புதியவர்களின் அடையாள அட்டை. எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுக் கொண்டுபோனேன்.

ஒரு வாரம் கழித்து அந்தப் பிரிவிலிருந்த இளம் அதிகாரி என்னைக் கூப்பிட்டார். யாப்பைத் திறந்து ஒரு வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டிருந்தார். ‘பொதுக் கூட்டத்துக்கு மொத்த அங்கத்தவரில் ஐந்தில் ஒரு பங்கினர் சமுகமளிக்க வேண்டும்.’ பக்கத்தில் எங்கள் கூட்டறிக்கை. வந்தவர்கள் 27 பேர்.

“412க்கு ஐந்தில் ஒன்றென்றால் 83 பேர் வேணுமே சேர்?” என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. பழைய கூட்டறிக்கைகளை எடுத்துப் பார்த்தேன். வருடா வருடம் ‘போதிய அங்கத்தவர்கள் சமுகமளித்திருந்தனர்’ என்ற ஒரே வாக்கியம். எண்ணிப் பார்த்ததாக எங்கும் இல்லை. யாப்பு எழுதிய காலத்தில் அங்கத்தவர் நூறு பேருக்குள்தான், இருபது பேர் வந்தால் கூட்டம் நடக்கும். பதிவேடு வளர்ந்தது, வருபவர் எண்ணிக்கை வளரவில்லை. கூட்டத்துக்கு ஆள் போதாவிட்டால் அரை மணி நேரம் ஒத்திவைத்து, அதன்பின் வந்திருப்பவர்களோடு நடத்தலாம் என்ற வழமையான விதியும் எங்கள் யாப்பில் இல்லை. யாப்பைத் திருத்தலாம் என்றால் அதற்கும் அதே ஐந்தில் ஒரு பங்கு வேண்டும்.

வங்கியின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அடுத்தவர் காசைக் காப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் அந்தப் பிள்ளை கேட்டார். பல வருடங்களில் எங்கள் யாப்பை முழுதாக வாசித்த முதல் ஆள் அவர்தான் என்று நினைக்கிறேன்.

நிலையான வைப்பு இன்னொரு கதை. சங்கம் எந்தச் சட்டத்தின் கீழும் பதியப்படாதது. அதனால் வைப்பை மூன்று நம்பிக்கைப் பொறுப்பாளர்களின் சொந்தப் பெயரில் போட்டிருந்தார்கள். மூவரில் இருவர் காலமாகிவிட்டார்கள். மூன்றாமவர் ரொறன்ரோவில், வயது எண்பதைத் தாண்டியவர். அவர் சார்பில் இங்கே ஒருவர் செயற்பட அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவம் எழுதி, அங்குள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்தி, இங்கே கொண்டுவந்து பதிந்து முடிக்கப் பதினொரு மாதம் பிடித்தது. அந்தப் பெரியவருக்கு ஏதாவது நடந்திருந்தால், இறந்த இருவரின் வாரிசுகளையும் தேடி அலைந்திருப்போம். பத்து வருடம் எவரும் கேட்காமல் கிடக்கும் வைப்பைக் கைவிடப்பட்ட சொத்தாகக் கருதி வங்கிகள் மத்திய வங்கிக்கு மாற்றிவிடும். பிறகு கேட்டுப் பெற வழி உண்டு. ஆனால் கேட்பதற்குச் சட்டப்படி ஒருவர் இருக்க வேண்டும்.

பதிவேட்டில் இருந்த இறந்தவர்கள்

83 பேரை எங்கே தேடுவது? 1983க்குப் பிறகு எங்கள் ஆட்கள் உலகம் முழுவதும் சிதறிப் போனார்கள். பதிவேட்டில் மட்டும் அவர்கள் இன்னும் பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குடியிருந்தார்கள். எவர் முகவரியையும் எவரும் மாற்றவில்லை. அந்த வீடுகள் பலவற்றை இடித்து அடுக்குமாடி கட்டியாயிற்று.

அழைப்பைத் தபாலில் அனுப்ப வேண்டும் என்பதும் யாப்பில் இருந்தது. 2022 ஓகஸ்ட் நடுப்பகுதியில் சாதாரணக் கடிதத்தின் முத்திரை 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவாக ஏறியது. 412 கடிதத்துக்கு முன்பு 6,180 ரூபா, ஏறிய பிறகு 20,600. இறந்தவர்களுக்கும் ஊரில் இல்லாதவர்களுக்கும் முத்திரை ஒட்டி அனுப்ப இவ்வளவு காசு. வங்கிக் கணக்கு முடங்கிக் கிடந்ததால் அதையும் என் கையிலிருந்து போட வேண்டியிருந்தது.

இந்த இடத்தில்தான் சீ.ஆர். கொப்பி உதவிக்கு வந்தது. கடைசிப் பக்கங்களைப் புரட்டினால், மாஸ்டர் பத்திரிகையில் வந்த மரண அறிவித்தல்களை வெட்டி ஒட்டியிருந்தார். ஒவ்வொன்றின் கீழும் சிவப்பு மையில் அங்கத்துவ இலக்கம், திகதி. சிலவற்றின் பக்கத்தில் ‘வீட்டுக்குப் போனேன்’ என்று ஒரு சொல். பதிவேடு செயலாளரின் பொறுப்பு, பொருளாளர் கைவைக்கக் கூடாது என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். எந்தச் செயலாளரும் அவரிடம் கேட்கவில்லை.

அங்கத்தவர் ஒருவர் இறந்தது உறுதியானால் செயற்குழு பெயரை நீக்கலாம் என்று யாப்பு சொன்னது. அதற்குப் பொதுக் கூட்டம் தேவையில்லை. மாஸ்டரின் கொப்பியிலிருந்து 94 பேர். பிறகு நாலு பேர் சேர்ந்து ஏழு மாதம் தொலைபேசியில் உட்கார்ந்தோம். ஒரு வீட்டில் பேத்தி எடுத்து “தாத்தா இல்லை” என்றபோது, வெளியே போயிருக்கிறார் என்று நினைத்து எப்போ வருவார் என்று கேட்டுவிட்டேன். அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் பேசவில்லை. அதன்பிறகு அழைக்கும்போது முதலில் நலம் விசாரித்து, அவர்களாகச் சொல்லும்வரை காத்திருக்கப் பழகினோம். அப்படி இன்னும் 37 பேர் என்று தெரியவந்தது. மொத்தம் 131 பெயர்கள் நீங்கின. எஞ்சியவர் 281. ஐந்தில் ஒரு பங்கு 57.

2023இல் கூடிய பொதுக் கூட்டத்துக்கு 61 பேர் வந்தார்கள். இருவர் சக்கர நாற்காலியில். வாசலில் வைத்தே ஒவ்வொருவரிடமும் கையொப்பம் வாங்கி, 57ஆவது ஆள் ஒப்பமிட்டதும் தலைவருக்குக் கைகாட்டினேன். அன்று முதல் தீர்மானம் நீங்கிய 131 பேருக்குமான அஞ்சலி. இரண்டாவது, யாப்புத் திருத்தம்.

‘கை’

இனி கணக்கு. இதுதான் இந்த ஆய்வின் நடுப்பகுதி.

கொப்பியில் மாஸ்டரின் எழுத்து மணிமணியாக இருக்கும். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. மண்டப வாடகை, ஓட்டோ, முத்திரை, கூட்டத்துக்கு வாங்கிய பட்டிஸ் எத்தனை என்பதுகூட. ஆனால் சஞ்சிகைச் செலவு வரும் இடங்களில் மட்டும் ஒரு விசித்திரம். 2005ஆம் ஆண்டு இதழை எடுத்துக்கொள்ளுங்கள். ‘அச்சகம் – காசோலை 30,000’ என்று ஒரு வரி. அதற்குக் கீழே ஓரத்தில் சிறிதாக ‘கை 18,000’. இந்த 18,000 கூட்டுத்தொகையில் சேரவில்லை. 1998 முதல் 2020 வரை ஏறக்குறைய எல்லா இதழுக்கும் இப்படி ஒரு ‘கை’. எல்லாவற்றையும் கூட்டினால் 387,450 ரூபா.

செயற்குழுவில் இதை வைத்தேன். ஒருவர் மெதுவாகக் கேட்டார், “கை எண்டால் கையிருப்புத்தானே? அப்ப அந்தக் காசு இப்ப எங்க?”

அறை அமைதியானது. கேட்டவர் மாஸ்டரிடம் படித்தவர்தான். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கணக்குப் புத்தகத்தில் ‘கை’ என்றால் கையிலுள்ள காசு என்றுதான் எவரும் வாசிப்பார்கள். பொருளாளரின் கையில் சங்கத்தின் நாலு லட்சம் ரூபா தங்கிவிட்டது என்று அந்த ஒரு எழுத்தை வைத்து யாரும் முடிவுகட்டலாம். இன்னொருவர், மகளிடம் கேட்டுப் பார்க்கலாமே என்றார். தலைவர் மறுத்தார். “கணக்கை முதலில் பார்ப்போம். அதுக்குப் பிறகுதான் வீட்டு வாசலுக்குப் போகலாம்.” அன்று அவர் சொன்ன அந்த வார்த்தைக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன்.

எனக்கு மூன்று மாதம் எடுத்தது. செய்த முறை எளிமையானது, யாரும் செய்யலாம். முதலில் வரவு. பற்றுச்சீட்டு அடிக்கட்டைகளில் உள்ள தொகைகளை வருட வாரியாகக் கூட்டினேன். அதே வருடங்களில் வங்கியில் கட்டிய துண்டுகளையும் கூட்டினேன். இரண்டும் சதம் பிசகாமல் ஒத்துப்போயின. சந்தா, நன்கொடை, சஞ்சிகை விற்ற காசு, வந்த எல்லாம் வங்கிக்குப் போயிருக்கிறது. சில்லறைச் செலவைக்கூட வந்த காசில் எடுக்காமல், காசோலை மாற்றித்தான் செய்திருக்கிறார். அடுத்தது செலவு. வங்கிக் கூற்றில் வெளியே போன ஒவ்வொரு காசோலைக்கும் டின்னில் ஒரு பில் இருந்தது. ஆக உள்ளே வந்தது முழுவதும் வங்கியில், வங்கியிலிருந்து போனது முழுவதுக்கும் பில். சங்கத்தின் காசு அவர் கையில் தங்க ஓட்டையே இல்லை.

பிறகு அச்சகப் பில்கள். 2005 பில்லின் மொத்தம் 48,000. சங்கக் காசோலை 30,000. மிச்சம் 18,000ஐக் காசாகப் பெற்றுக்கொண்டதாக அச்சகத்தின் முத்திரை பின்பக்கம் இருந்தது, மாஸ்டரின் பெயரில். ஒவ்வொரு வருடமும் இதே கதைதான். அந்தக் ‘கை’ அவருடைய கைக்காசு. ஓய்வூதியத்திலிருந்து கொடுத்திருக்கிறார். டின்னில் வேறாகக் கட்டியிருந்த பில்கள் எல்லாம் இவைதான்.

கடைசிப் பில்லைச் சரிபார்த்து முடித்த இரவு என்னால் தூங்க முடியவில்லை. நான்கு மாதத்துக்கு முன் அதே எழுத்தைப் பார்த்து ஒரு நொடி நானும் சந்தேகப்பட்டிருந்தேன்.

அந்தக் கருணை மறைத்த விலை

இதைப் பாராட்டுக் கூட்டம் வைத்து முடித்திருக்கலாம். நான் அதற்கு மேலும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. மாஸ்டர் மேல் அளவில்லாத மரியாதை இருப்பதால்தான் சொல்கிறேன்.

ஒரு இதழ் உண்மையில் 48,000 ரூபாவுக்கு அச்சாகும்போது, ஆண்டறிக்கையில் 30,000 என்று வந்தது. கௌரவக் கணக்காய்வாளர் பார்த்தது அந்தச் சுருக்கத்தைத்தான். செயற்குழு அந்த 30,000ஐ வைத்துச் சந்தாவை நிர்ணயித்தது. சந்தாவைக் கூட்ட வேண்டுமா என்று பல கூட்டங்களில் பேசி, ‘நிதிநிலை திருப்தி’ என்று கூட்டறிக்கையில் எழுதி, விட்டிருக்கிறார்கள். இருபது வருடத்துக்கு மேலாகச் சங்கம் தன் பணியின் விலையை அறியாமலே இருந்தது. மாஸ்டர் போனதோடு அந்த விலை ஒரேயடியாக எங்கள் மேல் விழுந்தது. விழுந்த நேரமும் மோசம். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனது. கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் பள்ளிப் பரீட்சைகளையே தள்ளிவைத்தார்கள். அச்சகம் சொன்ன விலை முந்தைய இதழைப் போல மூன்று மடங்கு.

அப்புறம் அந்த ஆறு லட்சத்துக்கு வருவோம். ஆயுள் அங்கத்தவர் 352 பேர் தந்தது 352,000. அது அவர்கள் உயிரோடிருக்கும்வரை இதழ் அனுப்புவதற்காகத் தந்த காசு. 2004இல் ஒரு குடும்பம் தந்த 200,000, வட்டியில் ஆண்டுதோறும் ஒரு நினைவுப் பேருரை நடத்தச் சொல்லித் தந்தது. கடிதமும் டின்னில் இருந்தது. இரண்டும் சேர்ந்து 552,000. வைப்பில் இருந்தது 640,000. நோக்கம் குறிக்காத, சங்கம் சுதந்திரமாகத் தொடக்கூடிய காசு 88,000 ரூபா மட்டுமே. அதிலிருந்து மாஸ்டருக்குத் தர வேண்டியிருந்த 387,450ஐக் கழித்தால் சங்கம் 299,450 ரூபா கடனில் நின்றது. மூலதனத்தில் கைவைக்கக் கூடாது என்பதற்காகவே அவர் தன் கையிலிருந்து போட்டுவந்தார் என்று இப்போது புரிகிறது.

இந்தப் பிரிப்பை ஒரே தாளில் எழுதிச் செயற்குழுவுக்குக் கொடுத்தேன். ஒரே வைப்பில் கிடந்தாலும், புத்தகத்தில் பேருரை நிதி, ஆயுள் அங்கத்தவர் நிதி, பொது நிதி என்று மூன்றாகப் பிரித்தோம். ஆறு லட்சம் இருக்கிறது என்ற பேச்சு அன்றோடு நின்றது.

பேருரை நிதியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அறக்கொடை வைத்திருக்கும் எல்லாச் சங்கத்துக்கும் இது பொருந்தும். இரண்டு லட்சத்துக்கு 2021இல் ஐந்தரை வீதம் கிடைத்தால் 11,000. மண்டபத்துக்கும் தேநீருக்கும் சரி, உரையை அச்சிட மீதியில்லை. 2022 கடைசியில் வட்டி 20 வீதத்தைத் தாண்டியது. 40,000 வருகிறதே, பெரிய விழாவாகச் செய்வோம் என்று செயற்குழுவில் ஒரு ஆசை. ஆனால் அந்தச் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதம். வட்டி ஏறியதைவிட வேகமாக மூலதனம் கரைந்துகொண்டிருந்தது. 2004இல் அந்தக் குடும்பம் தந்தது ஒரு பெரிய தொகை. இன்று அதே இலக்கம் ஒரு நல்ல மடிக்கணினியின் விலை. ஆகவே வட்டியில் பாதியை மட்டும் செலவழித்து மற்றப் பாதியை மூலதனத்தில் சேர்ப்பது என்று முடிவெடுத்தோம். வட்டி இறங்கிய பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. எட்டு வீதத்தில் இரண்டு லட்சத்துக்கு 16,000. வட்டியில் பிடிக்கும் வரி 2023 ஜனவரியில் 5 வீதமாக வந்து, 2025 ஏப்ரலில் 10 வீதமானது. அது போக 14,400. சேர்த்து வைக்காமல் இருந்திருந்தால் இன்று பேருரை இல்லை.

அந்தக் குடும்பத்துக்கு ஒவ்வொரு வருடமும் ஒரு பக்கக் கடிதம் இப்போது போகிறது: மூலதனம் இவ்வளவு, வட்டி இவ்வளவு, உரை இன்னார், மிச்சம் இவ்வளவு. முதல் கடிதம் கிடைத்ததும் லண்டனிலிருந்து மகன் அழைத்தார். இருபது வருடத்தில் சங்கத்திடமிருந்து வந்த முதல் கடிதம் இது என்றார். அடுத்த மாதம் மூலதனத்தோடு சேர்க்கச் சொல்லி இன்னொரு தொகை அனுப்பினார்.

மாற்றியவை

கூட்டத்துக்குத் தேவையான எண்ணிக்கையைப் பங்காக வைக்காமல் 25 பேர் என்று எண்ணாகவே எழுதினோம், அரை மணி நேர ஒத்திவைப்பும் சேர்ந்தது. அழைப்பை மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம், கேட்பவர்களுக்கு மட்டும் தபால். மூன்று வருடம் தொடர்பில்லாத அங்கத்தவரை நீக்குவதில்லை, ஆனால் அவர் மறுபடி ஒரு வார்த்தை சொல்லும்வரை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. ஆயுள் அங்கத்துவத்தை நிறுத்திவிட்டோம். பழையவர்களின் உரிமை அப்படியே இருக்கிறது.

சட்டப் பதிவுதான் நீண்ட விவாதம். நாடாளுமன்றத்தில் தனியார் சட்டமூலம் கொண்டுவந்து கூட்டிணைக்கலாம், பல இலங்கைச் சங்கங்கள் அப்படிச் செய்திருக்கின்றன. அதற்கு ஒரு உறுப்பினரின் ஆதரவும் நீண்ட காத்திருப்பும் தேவை. 1891ஆம் ஆண்டின் சங்கங்கள் கட்டளைச் சட்டத்தையும், 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தையும் பார்த்தோம். இறுதியில் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுத்த கம்பனியாகப் பதிந்தோம். பங்கு கிடையாது, இலாபம் பகிர முடியாது, அங்கத்தவரின் பொறுப்பு அவர் உறுதியளித்த சிறு தொகையோடு முடியும். வருடாந்தப் படிவமும் பட்டயக் கணக்காளரின் கணக்காய்வும் கட்டாயம், அதற்குச் செலவு உண்டு. அந்தச் செலவைப் பாதீட்டின் முதல் வரியில் வைத்தேன். சிலருக்குப் பிடிக்கவில்லை. கம்பனி என்ற சொல்லே ஆய்வுச் சங்கத்துக்கு ஒவ்வாது என்றார் ஒரு மூத்தவர். ஆனால் வைப்பு இன்று சங்கத்தின் சொந்தப் பெயரில் இருக்கிறது. இனி யாருடைய மரணத்தாலும் அது முடங்காது.

பொருளாளர் இரண்டு தவணை, நான்கு வருடத்துக்கு மேல் இருக்க முடியாது. கணக்காண்டு மார்ச்சில் முடியும், பொதுக் கூட்டம் ஜூனில். முன்பு டிசெம்பர்க் கணக்கை ஓகஸ்டில் சமர்ப்பித்து, புதிய பொருளாளர் தான் பார்க்காத எட்டு மாதத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வங்கிக் கூற்று பொருளாளருக்கும் செயலாளருக்கும் தனித்தனியாக வருகிறது. செயற்குழுவில் இருப்பவரின் அச்சகத்துக்கு வேலை கொடுப்பதானால் மூன்று விலைக்கேள்வி வேண்டும், அவர் அந்தப் பேச்சில் இருக்கக் கூடாது.

எல்லாவற்றிலும் எனக்கு முக்கியமானது ஒரு சின்ன விதி. சங்கத்துக்காக யாராவது கைக்காசு போட்டால், 30 நாட்களுக்குள் பில்லைத் தந்து திருப்பி எடுக்க வேண்டும். வேண்டாம் என்றால் நன்கொடைப் பற்றுச்சீட்டு எழுதி, செலவிலும் வரவிலும் இரண்டு பக்கமும் காட்ட வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. இந்த விதியில் முதலில் மாட்டியவன் நான். முத்திரைக்குப் போட்ட 20,600 ரூபாவுக்குப் பற்றுச்சீட்டு எழுத எனக்கு வெட்கமாக இருந்தது, சொந்தச் சங்கத்திடம் சீட்டு வாங்குவதா என்று. மாஸ்டருக்கும் அதே வெட்கம்தான் இருந்திருக்கும். புதிய சந்தா, இதழின் முழு விலையை அடியாக வைத்துக் கணித்தது. முன்பைவிட நான்கு மடங்கு. ஆண்டுச் சந்தா கட்டுபவர்களில் 11 பேர் விலகினார்கள், 38 பேர் புதிதாகச் சேர்ந்தார்கள்.

387,450க்கு ஒரு சீட்டு

மாஸ்டருக்குத் தர வேண்டியதை என்ன செய்வது என்று 2024இல் பேசினோம். சட்டப்படி கேட்கக்கூடிய காலம் பெரும்பாலானவற்றுக்கு எப்போதோ கடந்திருக்கும், கணக்காய்வாளரும் அதைச் சொன்னார். ஆனால் அதைச் சொல்லி மூடிவிட யாருக்கும் மனம் வரவில்லை. தவணை முறையில் திருப்பித் தருவது என்று தீர்மானித்து, தலைவரும் நானும் தெஹிவளைக்குப் போனோம்.

அக்கா கணக்குத் தாளை மேலிருந்து கீழாக வாசித்தார். இதழ், வருடம், அச்சகப் பில், காசோலை, கை. 2005க்கு வந்ததும் நிறுத்தி, “இந்த வருஷம்தான் நான் பல்கலைக்கழகம் போனது. காசு இறுக்கம் எண்டு அம்மா சொன்னது ஞாபகம்,” என்றார். பிறகு காசு வேண்டாம் என்றார். நாங்கள் வற்புறுத்தினோம். அவர் அசையவில்லை.

“அப்ப சீட்டுத் தாங்கோ தம்பி.”

பற்றுச்சீட்டுப் புத்தகத்தை எடுத்தேன். பெயர் மாஸ்டருடையது. தொகை எண்ணிலும் எழுத்திலும். ‘எதற்காக’ என்ற இடத்தில் ‘சஞ்சிகை அச்சுச் செலவு, 1998 – 2020’ என்று எழுதினேன். தலைவரும் நானும் ஒப்பமிட்டோம். டின்னில் இருந்த பில்களும் கொப்பியும் சங்கத்தின் ஆவணங்கள் என்பதால் எங்களிடமே இருந்தன. வெறும் டின்னைத் திருப்பிக் கொண்டுபோயிருந்தோம். அக்கா சீட்டை இரண்டாக மடித்து டின்னுக்குள் வைத்து, மூடியை அழுத்தி மூடினார்.